போஸ்ட்-ஹார்ட்கோர் (ஹார்ட்கோர் பங்க் ராக்கிலிருந்து வளர்ந்த இசை): நேரில் பார்த்தவர்கள், கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பழைய கேசட்:
நானே தொடங்கி வைக்கிறேன். 90களின் ஆரம்பம், மேரிலாந்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன், அறைத் தோழன் ஒரு வெள்ளைக்காரப் பையன், அவன்தான் ஃபுகாஸி கச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனான். ஃபுகாஸி வாஷிங்டன் பேண்ட், இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிக்கெட் 5 டாலர், எந்த வயசுக்காரரும் வரலாம், டி-ஷர்ட் வியாபாரம் கிடையாது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, மலிவாக இருக்கிறதே என்றுதான் போனேன்.

மூன்றாவது பாட்டோ நான்காவதோ, முன்வரிசையில் ஒரு தடியன் பக்கத்தில் நிற்கிற சின்னப் பையன்களை முழங்கையால் இடித்துக்கொண்டே இருந்தான். பாடகர் இயன் மெக்கை கையைத் தூக்கினார். அவ்வளவுதான், டிரம்ஸ், பேஸ், இரண்டு கிட்டார் எல்லாம் ஒரே வெட்டில் நின்றது. ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. அவனைப் பார்த்து 'சார்' என்றுதான் பேசினார், ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அப்புறம் ஒரு கவர் வந்தது. உள்ளே 5 டாலர் நோட்டு. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடுத்து அனுப்புவதற்கென்றே கவரில் போட்டுத் தயாராக வைத்திருப்பார்களாம், அதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் கண்ணில் நிற்பது எது என்றால், அந்தத் தடியன் கவரைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்த்தான். காசு சரியாக இருக்கிறதா என்று. பார்த்துவிட்டுத்தான் வெளியே போனான்!

2011 முதல் அவர்களுடைய 800க்கும் மேற்பட்ட கச்சேரிப் பதிவுகள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கின்றன, அதற்கும் 5 டாலர்தான் கேட்கிறார்கள். அந்த ராத்திரியின் பதிவைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், தேதி ஞாபகமில்லை. ஒவ்வொன்றாக வாங்கிக் கேட்கிறேன், வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஸ்கார்பரோ பொடியன்:
அண்ணா உங்கட கதை நல்ல கதை. என்னுடையது சின்னது. டொரண்டோ, நான் அப்போது கிரேட் 11. அலெக்ஸிஸ்ஆன்ஃபயர் பேண்ட் எங்கட ஊர்ப் பெடியள் மாதிரித்தான், செயின்ட் கேத்தரின்ஸ் என்பது லேக்கைச் சுற்றிக்கொண்டு போனால் ஒன்றரை மணித்தியாலம். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மச்மியூசிக் டிவியில் அவர்களுடைய வீடியோ போகும், ஒருத்தர் கத்துவார், டல்லாஸ் கிரீன் தேன் போலப் பாடுவார், அம்மா 'இரண்டாவது பெடியனையே முழுக்கப் பாட விட்டிருக்கலாமே' என்பார்.

வீட்டில் தமிழ் வகுப்புத் தோழன் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டுத்தான் கச்சேரிக்குப் போனேன். மேடைக்கு முன்னால் ஆளை ஆள் மோதி ஆடுகிற பிட்டுக்குள் போன கொஞ்ச நேரத்தில் கால் தடுக்கி விழுந்துவிட்டேன். விழுந்தவனைத் தூக்கிவிடுவது அங்கே எழுதாத சட்டம், தெரியும்தானே. நாலைந்து கை வந்தது. அதில் ஒரு கை என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கி, காதுக்குள், 'எழும்படா!'

தமிழில். அந்த இடத்தில். நான் நிமிர்ந்து பார்க்க ஆள் கூட்டத்துக்குள் போய்விட்டான், கறுப்பு டி-ஷர்ட், அது அங்கே எல்லோரும் போட்டிருப்பது. என் முகத்தைப் பார்த்துத்தான் தமிழன் என்று கண்டுபிடித்தானா, இல்லை பதற்றத்தில் தன்னாலே வந்த சொல்லா? 2006இல் அவர்களுடைய 'கிரைசிஸ்' ஆல்பம் கனடாவில் முதலிடத்துக்கு வந்தபோதும் எனக்கு அந்தக் குரல்தான் ஞாபகம் வந்தது. இதை வாசிக்கிற யாராவது நீங்களாக இருந்தால் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:
செம! என்னுடையது சென்னைப் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ், 2000களின் நடுப்பகுதி. ஹாஸ்டல் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் யாரோ ஒரு சீனியர் போட்டு வைத்த ஃபோல்டரில்தான் தர்ஸ்டே, கிளாஸ்ஜா, அண்டரோத் பேண்டுகளின் பாட்டெல்லாம் கிடைத்தது. நாங்களும் நாலு பேர் சேர்ந்து பேண்ட் போட்டு கல்ச்சுரல்ஸில் ஏறினோம், நான்தான் கத்துகிற பார்ட். மைக் ஃபீட்பேக், கிட்டார் யாருக்கும் கேட்கவில்லை, என் குரல் மட்டும் கேட்டது.

இறங்கி வந்தேன். நடுவர்களில் ஒருவர் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பெரியவர். மார்க் போடுவதை விட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். பனங்கற்கண்டும் மிளகும். 'வாயில போட்டு அடக்கிக்கோ தம்பி, ரெண்டு நாளைக்குப் பேசாதே' என்றார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன், இல்லை. உண்மையான கவலை.

பரிசு கிடைக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

சுருதிப்பெட்டி:
@கடைசி பெஞ்ச், நான் ஒரே ஒரு தடவை பெங்களூரில் இந்த மாதிரி ஒரு பேண்டைப் பார்த்தேன், பாடகர் பாதியில் இருமி இருமி உட்கார்ந்துவிட்டார், அதுதான் என் அனுபவம். ஆனால் உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற சின்னப் பையன்கள் பனங்கற்கண்டு போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

கத்துவது தொண்டையால் செய்கிற வேலையே இல்லை. வலித்தால் உடனே நிறுத்த வேண்டும், 'பழகிவிடும்' என்று சொல்கிறவன் பேச்சைக் கேட்கவே கூடாது. மூச்சு அடிவயிற்றிலிருந்து வர வேண்டும், நம் சங்கீத வாத்தியார்கள் சொல்வதுதான், இதில் புதுசு ஒன்றுமில்லை. குரல்நாண்களுக்கு மேலே பொய்க் குரல்நாண்கள் என்று இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. கனமான அலறலில் பெரும்பாலும் அதிர்வது அவை. இன்னொரு வகையில், காலையில் எழுந்தவுடன் குரல் கரகரவென்று வருகிறதே, அதைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வளர்ப்பார்கள். இரண்டிலும் சத்தம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவுதான், மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்ளும். சத்தமாகக் கத்தினால்தான் சத்தமாகக் கேட்கும் என்று நம்புவதுதான் எல்லோரும் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிற வழி. நியூயார்க்கில் மெலிசா கிராஸ் என்று ஒரு ஆசிரியை இதற்கென்றே பாடம் நடத்தி டிவிடியே போட்டிருக்கிறார், தேடிப் பாருங்கள். கச்சேரிக்கு முன் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் ஹம்மிங், கச்சேரி முடிந்ததும் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், சிரமப்பட்டுக் கிசுகிசுப்பதும் தொண்டைக்கு நல்லதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டர்.

கடைசி பெஞ்ச்:
சார் நான் இப்போது வங்கியில் இருக்கிறேன்.

பேஸ் மாமா:
எல்லாம் சரி, ஆனால் அலெக்ஸிஸ்ஆன்ஃபயரையும் ஃபுகாஸியையும் ஒரே பெயரில் போடுவதை என்னால் தாங்க முடியவில்லை. இந்த இசை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டாமா? 80களின் முதல் பாதியில் வாஷிங்டன் ஹார்ட்கோர் கச்சேரிகள் அடிதடி மேடையாகிவிட்டன, பாட்டைக் கேட்க வந்தவன் மூக்கு உடைந்து வீட்டுக்குப் போனான். அந்த வெறுப்பில்தான் 1985 கோடையில், ரெவல்யூஷன் சம்மர் என்பார்களே, பழைய ஆட்களே புது பேண்டுகளோடு வந்தார்கள். வேகத்தைக் குறைத்து, மெட்டைக் கூட்டி, அழுதாலும் பரவாயில்லை என்று பாடினார்கள். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் பேண்டின் பாடகர் கீ பிச்சியோட்டோ அப்படித்தான் வந்தார், பிறகு ஃபுகாஸியில் சேர்ந்தார். அந்த இசைக்கு யாரோ 'இமோகோர்' (உணர்ச்சி ஹார்ட்கோர்) என்று பெயர் வைத்ததை இயன் மெக்கை மேடையிலேயே திட்டியிருக்கிறார். பழைய கேசட் பார்த்த அந்தக் கவர் இருக்கிறதே, அது சும்மா நல்ல பழக்கம் இல்லை. அடிதடியிலிருந்து தப்பி வந்தவர்களின் கவர் அது. அதனால்தான் சொல்கிறேன், பிட்டில் விழுந்து எழுந்த கதையெல்லாம் இந்தப் பெயருக்குப் பொருந்தாது தம்பி.

என் அனுபவம் கேட்டால், கேசட்டில் கேட்டதுதான், நேரில் யாரையும் பார்த்ததில்லை.

ஸ்கார்பரோ பொடியன்:
மாமா, என்னைத் தூக்கித்தானே விட்டார்கள், அடிக்கவில்லையே.

சும்மா வந்தவள்:
வாஷிங்டன் வாஷிங்டன் என்று ஏன் இத்தனை பேர் அழுகிறீர்கள். 1984இலேயே மினியாபொலிஸில் ஹஸ்கர் டூ பேண்ட் இரட்டை ஆல்பம் போட்டாயிற்று, அதைப் பார்த்துவிட்டு கலிஃபோர்னியாவில் மினிட்மென் பேண்ட் தங்களுடையதையும் இரட்டையாக்கி 40க்கு மேல் பாட்டைத் திணித்தார்கள். சிகாகோவில் பிக் பிளாக் பேண்ட், டிரம்மருக்குப் பதில் ரோலண்ட் டிரம் மெஷின், ஆல்பம் அட்டையில் அதன் பெயரையும் உறுப்பினராகப் போட்டிருப்பார்கள். ஒரே ஊர், ஒரே கோடை என்று கதை சொல்லச் சுலபம், அவ்வளவுதான். அதோடு இந்த இசை பிரபலம் ஆனது என்றால் அது 2000களின் பிள்ளைகளால்தான் மாமா. வார்ப்ட் டூர் என்று ஊர் ஊராகக் கார் பார்க்கிங்கில் வெயிலில் நின்று கேட்ட கூட்டம்தான் 2006இல் அண்டரோத்தை பில்போர்ட் ஆல்பம் பட்டியலில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுபோனது. உங்கள் ஆட்கள் 5 டாலருக்கு மேல் வாங்க மாட்டேன் என்றார்கள், மெச்சுகிறேன், ஆனால் அதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

சரி, என் கதை. நியூ ஜெர்சி, நியூ பிரன்ஸ்விக், ரட்கர்ஸில் படிக்கப் போனேன். அந்த ஊரில் வீட்டு பேஸ்மென்ட்களில் கச்சேரி நடத்துவது பெரிய வழக்கம், தர்ஸ்டே பாடகர் ஜெஃப் ரிக்லி தன் வீட்டு பேஸ்மென்டிலேயே நடத்தியவர். எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் வாடகைக்கு எடுத்த அறை இருந்த வீட்டில் வாஷிங் மெஷின் பேஸ்மென்டில். ஞாயிறு சாயங்காலம் துணியைப் போட்டுவிட்டு வந்தேன், எடுக்கப் போனால் படிக்கட்டு வரை ஆட்கள். வாஷிங் மெஷின் மேல் ஏழு இஞ்ச் ரெக்கார்டுகள் அடுக்கி வைத்து விற்கிறான் ஒருத்தன். டிரையர் ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குள் என் சுடிதார்கள். அதே பிளக்கில் பேஸ் ஆம்ப். பாட்டு உச்சத்துக்குப் போனது, பட்டென்று எல்லாம் இருட்டு. பிரேக்கர் விழுந்துவிட்டது. டிரம்மர் மட்டும் இருட்டில் நிறுத்தாமல் வாசிக்கிறார், கூட்டம் மைக் இல்லாமல் பாட்டை முழுக்கப் பாடி முடித்தது, நான் அத்தனை பேர் நடுவில் டிரையருக்குள் கையை விட்டு ஈரத்துணி எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெண் செல்போன் வெளிச்சம் காட்டினாள். மேலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஈர துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி வரை நின்றேன்.

பேண்டின் பெயர் கேட்க மறந்துவிட்டது.

ஹோம்புஷ்காரன்:
மாமாவும் அக்காவும் சண்டை பிடிக்கட்டும். சிட்னியில் எங்கட தமிழ்ச் சனம் நிறைய இருக்கிற ஹோம்புஷ்ஷில்தான் பிக் டே அவுட் இசை விழா நடந்தது, 2001 ஜனவரி 26. வீட்டிலிருந்து நடக்கிற தூரம். எனக்கு அங்கே குளிர்பானக் கடையில் அன்றைக்கு மட்டும் வேலை. அட் த டிரைவ்-இன் பேண்ட் அப்போதுதான் உலகமெங்கும் பேசப்பட்டுக்கொண்டிருந்த நேரம், டெக்சஸின் எல் பாசோவில் வேனில் சுற்றிய பெடியள் திடீரென்று பெரிய மேடையில். கூட்டம் ஆளை ஆள் மோதிக்கொண்டே இருந்தது. பாடகர் செட்ரிக் நிறுத்தச் சொன்னார், நிறுத்தவில்லை. அப்போது அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஆடு மாதிரி 'மே... மே...' என்று கத்தினார். மூன்று பாட்டோடு இறங்கிப் போய்விட்டார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் சிரித்தார்கள், சிலர் கெட்ட வார்த்தையால் கத்தினார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவே இன்னொரு பேண்டின் நேரத்தில் அதே இடத்தில் நெரிசல். பள்ளிக்கூட வயசுப் பிள்ளை ஒன்று சிக்கி, சில நாளில் இறந்துவிட்டது. அடுத்த நாள் பேப்பரில் நெரிசல் செய்தி வாசிக்கும்போதே எனக்கு அந்த ஆட்டுச் சத்தம்தான் கேட்டது, இப்பவும் பெருங்கூட்டத்துக்குள் நின்றால் கேட்கும். அட் த டிரைவ்-இன்னும் அதே வருசம் பிரிந்துவிட்டது.

பேஸ் மாமா:
தம்பி, நான் சொல்ல வந்தது இதைத்தான். பிரபலம் என்று சும்மா வந்தவள் பெருமைப்படுகிறாரே, அதன் கூடவே என்ன வருகிறது என்று பாருங்கள். நிர்வாணா பேண்ட் பிரபலமாகி வெடித்த பிறகு ஜாபாக்ஸ் பேண்டை அட்லாண்டிக் ரெக்கார்டு கம்பெனி எடுத்துக்கொண்டது, டிரைவ் லைக் ஜேஹூ பேண்டை இன்டர்ஸ்கோப் கம்பெனி எடுத்துக்கொண்டது, இரண்டுமே நீடிக்கவில்லை. ஸ்வீடன் பேண்ட் ரெஃப்யூஸ்ட் 1998இல் வர்ஜீனியாவில் ஒரு வீட்டு பேஸ்மென்டில் போலீஸ் வந்து நிறுத்தியதோடு முடிந்துபோனது.

சும்மா வந்தவள்:
முடிந்துபோனவர்கள் 2012இல் கோச்செல்லா இசை விழாவில் ஏறி வாசித்தார்களே, அட் த டிரைவ்-இன்னும் அதே விழாவில். ஹோம்புஷ்காரர் சொன்னதைப் பிரபலத்தின் கணக்கில் எழுதாதீர்கள் மாமா, அது அன்றைக்கு அந்த இடத்தில் தடுப்பு போட்டவர்களும் கூட்டத்தை நடத்தியவர்களும் பதில் சொல்ல வேண்டிய விஷயம். என் பேஸ்மென்டில் ஐம்பது பேர் இருட்டில் நின்றோம், ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிக்கவில்லை.

தோல் வாத்தியம்:
சண்டை நடுவில் மன்னிக்கவும். நான் டிரம்ஸ். ஃபுகாஸி டிரம்மர் பிரெண்டன் கான்டி தன் டிரம் கிட்டில் ஒரு பெரிய மணி வைத்திருப்பார், தெரியும்தானே, அது ஒலிக்கிற இடம் வரும்போதெல்லாம் எனக்கு முதுகு நிமிரும். அதைக் கேட்டுவிட்டு கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். கோயிலுக்கா வீட்டுக்கா என்று கேட்டார் கடைக்காரர். டிரம்ஸுக்கு என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, கடையில் தொங்கின மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டினார், ஒன்றைத் தட்டியதும் 'இது வேணாம், இதுக்கு நாக்கு சரியில்ல' என்று அவரே ஒதுக்கினார். நாக்கைக் கழற்றிவிட்டுக் குச்சியால் அடிக்கப் போகிறேன் என்றதும் மனுஷனுக்கு முகமே மாறிவிட்டது, ஆனாலும் விலையில் ஐம்பது ரூபாய் குறைத்தார்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், அடித்தால் ஓசை அடங்கவே மாட்டேன் என்கிறது, அடுத்த நாலு பார் (தாளச் சுற்று) முழுக்கப் படர்கிறது, கிட்டார்க்காரன் டியூனிங்கோடு முட்டுகிறது. உள்ளே துணி வைத்துப் பார்த்தேன், தகர டப்பா மாதிரி ஆகிவிட்டது. வெளியில் டேப் ஒட்டினால் சரியாகுமா, இல்லை சுருதி பார்த்து வேறு மணிதான் வாங்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த மாதம் கச்சேரி இருக்கிறது.