புதுப்பிப்பு: லேக்காக் சென்று வந்தேன்

இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள லேக்காக் சிற்றூருக்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன், தயங்காமல் ஒதுக்கலாம். 1944-இல் உரிமையாளர் மட்டில்டா டால்பட் ஊரையும் அங்குள்ள மடத்தையும், பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக அளித்தார். மரச்சட்டமிட்ட பழைய வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். தெருக்களைச் சுற்ற அதிக நேரம் ஆகாது.

ஆனால் 1232-இல் எலா சீமாட்டி நிறுவிய கன்னியர் மடத்தில் அவசரப்படாதீர்கள். அதன் தெற்குக் கூடத்தில், சிறு சிறு கண்ணாடிச் சில்லுகள் பதித்து வெளிப்புறம் துருத்தி நிற்கும் சன்னலைத்தான் 1835 ஆகஸ்டில் ஒளிப்பட முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் படமெடுத்தார். இன்று எஞ்சியிருக்கும் ஒளிப்பட நெகட்டிவ்களில் அந்தப் படமே மிகப் பழையது, தபால்தலை அளவே உள்ளது. அதே சில்லுகள் வழியே வந்த வெயில் என் கையில் கட்டம் கட்டமாக விழுந்தபோது, நெடுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.