மேலூர் வீடு: குடும்பக் குழு

சனிக்கிழமை, காலை 6:40

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். ஒரு உதவி வேண்டும். பக்கவாதத்துக்குப் பிறகு சொல் வராத அப்பத்தாவுக்காக, பொத்தானை அழுத்தினால் பேசும் டேப்லெட்டில், அடுத்த ஞாயிறு கவின் காதணி விழாவுக்கு முன்னால் புதுச் சொற்கள் ஏற்றப் போகிறேன். அப்பத்தா வழக்கமாகச் சொல்கிறவை, திட்டு, கேலி, விசாரிப்பு, நினைவில் இருப்பதை எல்லாம் அனுப்புங்கள். இப்போது அதில் தண்ணீர், மாத்திரை, வலி, கழிப்பறை இவ்வளவுதான் இருக்கின்றன. அவை செவிலியருக்குத் தேவையான சொற்கள். அப்பத்தா வாழ்நாளில் இந்த நான்கை மட்டுமா பேசினார்?

வள்ளி: காலை வணக்கம்.

குமார்: திட்டுமா? டேப்லெட்டில் இடம் போதாதே.

மீனா: பந்திக்கு 400 இலையா, 450ஆ? சமையல்காரர் இன்றைக்கே சொல்லச் சொல்கிறார்.

ராமநாதன்: 400 போதும். செல்வி, "ஒரு உதவி" அன்று, "ஓர் உதவி". உண்டியலில் பத்து ரூபாய்.

குமார்: மாமா பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றார், குழுவில் இன்னும் பெறவில்லை.

தேவி: திட்டை என்னிடம் கேள் செல்வி. நாற்பத்தோரு வருடம் வாங்கியிருக்கிறேன். கூறுகெட்டவளே. இது குழம்பா, குளத்துத் தண்ணீரா. உன் அப்பன் வீட்டில் இப்படித்தான் கோலம் போடுவார்களா.

தேவி: இன்னும் இருக்கிறது. அடுப்பில் பால், வருகிறேன்.

வள்ளி: மதினி, அம்மா அதையெல்லாம் விளையாட்டாகச் சொல்வது.

தேவி: ஆமாம் ஆமாம்.

மணி: அந்தக் குரலை மாற்ற முடியாதா செல்வி? அம்மா செய்தி வாசிப்பது போல இருக்கிறது. "நான் கழிப்பறை செல்ல வேண்டும், நன்றி." அம்மா யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறது?

குமார்: அதே குரலில் "கூறுகெட்டவளே" கேட்பதற்காகவே விழாவுக்கு வருகிறேன்.

ராமநாதன்: நமக்குள் இருக்கட்டும், கோயிலில் ஊரார் முன்னால் அந்தப் பெட்டி எதற்கு? அன்று ஒரு நாள் வீட்டில் இருக்கட்டும். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

தேவி: தெரிந்துதான் நீலப் புடவை வாங்கி வந்தீர்களா?

ராமநாதன்: நீலமா என்று கேட்டேன். "அதான்" என்றார்கள்.

தேவி: சாப்பிட்டீர்களா என்றாலும் அதான். பூனை வந்ததா என்றாலும் அதான்.

செல்வி: பெரியப்பா, இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கவாதம் அப்பத்தாவுக்கு மூளையின் இடது பக்கத்தைத் தாக்கியது. நாம் சொல்வது பெரும்பாலும் புரிகிறது, பதில் சொல்லத்தான் சொல் வருவதில்லை. இதற்கு அஃபேசியா என்று பெயர். "அதான்" என்பது ஆமாம் என்ற பொருளில் வருவதன்று. வாய் திறந்தால் அந்த ஒன்றுதான் வழியில் நிற்கிறது. 1861இல் பாரிஸில் ப்ரோக்கா என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் அவர் "தான்" என்பார், பெரும்பாலும் "தான் தான்" என்று இரட்டையாக. மருத்துவமனையில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்துத்தான் பேச்சுக்கு இடது முன்பக்கம் முக்கியம் என்று ப்ரோக்கா சொன்னார். ஆகவே புடவையைக் கேட்காதீர்கள், காட்டுங்கள். இரண்டையும் மடியில் வைத்துவிட்டுக் கை எங்கே போகிறது என்று பாருங்கள். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் மூன்று எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறோம்.

மணி: தான். நம் அம்மா அதான்.

குமார்: படித்தேன். பாதி.

மீனா: பாலா அண்ணன் வெள்ளி இரவு துபாயிலிருந்து ஏறுகிறார். தாய்மாமன் மடி உறுதி. சீர்த் தட்டு எத்தனை என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

வள்ளி: 21. போன முறை 11 என்று வைத்துப் பட்ட பேச்சு போதும்.

ராமநாதன்: அந்தக் கதை இப்போது வேண்டாம்.

மணி: என் அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், டேப்லெட் பேச ஆரம்பித்தால் மனிதர் பேசுவதை விட்டுவிடுவாராம்.

செல்வி: எல்லா வீட்டிலும் கேட்கிற பயம்தான் அப்பா. 2006இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், இப்படிப்பட்ட கருவிகளும் சைகைகளும் பயன்படுத்திய 27 பேரின் பேச்சைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் குறையவில்லை, பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றாவது கூடியது. அவர்கள் பிறவியிலேயே வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள், பக்கவாதக்காரர்கள் அல்லர், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பத்தா போன செவ்வாய் கும்மிப்பாட்டு இரண்டு வரி பாடினார் அல்லவா? பழகிய பாட்டும் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதும் இப்படித் தப்பிப் பிழைப்பதுண்டு. அதையும் விடப்போவதில்லை. டேப்லெட் ஓர் ஊன்றுகோல், அவ்வளவுதான்.

தேவி: பாட்டு பாடியபோது நான் அழுதுவிட்டேன். என்னைப் பார்த்து "அதான்" என்றார்.

செல்வி: பெரியம்மா, இன்னும் இரண்டு. வலப்பக்கம் அவருக்குப் பார்வை சரியாக எட்டவில்லை, அதனால் பொத்தான்களை இடப்பக்கமாகப் பெரிதாக வைத்திருக்கிறேன். யாரும் அழகுக்காக இடம் மாற்ற வேண்டாம். கை போய்ப் பழகிய இடத்தில் பொத்தான் இருக்க வேண்டும். கோட்டுப் படங்களையும் எடுத்துவிட்டு நம் வீட்டுப் படங்களையே போடுகிறேன். திண்ணை, கோயில், எருமைத் தொழுவம்.

குமார்: எருமையின் படம் என்னிடம் இல்லை. என் படத்தைப் போட்டுக்கொள்.

வள்ளி: குமார்!

செல்வி: குரலுக்கு ஒரு வழி இருக்கிறது. அப்பத்தா முன்பு அனுப்பிய குரல் செய்திகள் யாரிடமாவது இருந்தால் தேவையான துண்டை வெட்டிப் பொத்தானில் வைக்கலாம். "சாப்பிட்டாயா" என்று அவர் குரலிலேயே கேட்கும். கருவி வழியே பேசிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங், நல்ல புதுக் குரல்கள் வந்த பிறகும் அந்த எண்பதுகளின் இயந்திரக் குரலையே வைத்துக்கொண்டார், அதுதான் தன் குரல் என்று. அப்பத்தாவுக்கு உண்மையான குரலே கிடைத்தால் ஏன் விட வேண்டும்?

குமார்: என்னிடம் இல்லை. போன வருடம் எல்லாவற்றையும் அழித்தேன்.

மணி: பழைய கைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டது.

மீனா: என்னிடம் ஒன்று இருக்கிறது. "யாரடி இது, எப்படி அமுக்குவது" என்று மட்டும்.

குமார்: அது போதும். அதையே போடு.

வள்ளி: அம்மா வெள்ளிதோறும் கோவையில் இருக்கும் சுந்தரம் அண்ணனுக்கு அனுப்பும். கோயிலிலிருந்து வந்ததும் திண்ணையில் உட்கார்ந்து. நானே பார்த்திருக்கிறேன்.

வள்ளி: ஆறு வருடமாக அனுப்பியது.

காலை 9:15

மீனா: இலை 400 என்று சொல்லிவிடட்டுமா?

தேவி: செல்வி, ஒன்று கேட்க வேண்டும். குடும்பப் படங்கள் பக்கத்தில் "இதில் இல்லை" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறாயே, அது எதற்கு?

செல்வி: அப்பத்தா சொல்ல நினைப்பது நாம் வைத்ததில் இல்லை என்றால் அழுத்துவதற்கு. அது இல்லாவிட்டால் நாம் கொடுத்த பன்னிரண்டுக்குள்தான் அவர் நினைக்க முடியும் என்றாகிவிடும். ஏன்?

தேவி: செவ்வாய்க்கிழமை நான்கு முறை அழுத்தினார். நேற்றும். பெட்டி பழுது என்று நினைத்து அணைத்து வைத்துவிட்டேன்.

செல்வி: அந்தப் பக்கத்தில் யார் யார் படம் இருக்கிறது?

தேவி: எல்லாரும். கவின், பாலா, நீ, குமார், வள்ளி, மணி, இவர், நான். அத்தையின் தம்பி குடும்பம்.

மணி: கோவை?

தேவி: உன் அண்ணன்தான் படங்களைத் தேர்ந்தெடுத்தார்.

குமார்: மாமா இணைப்பில்தான் இருக்கிறார்.

மணி: கிணற்றுப் பிரச்சினை வேறு, இது வேறு அண்ணே.

வள்ளி: வேறு என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம் தம்பி. நீயும் பத்திரம் எழுதிய இடத்தில்தான் நின்றாய்.

மணி: நான் சாட்சிக் கையெழுத்துக்குப் போனேன் அக்கா.

செல்வி: சண்டையை எனக்குத் தெரியாது. படம் ஒன்று வேண்டும். கோவைப் பெரியப்பாவைத்தான் தேடுகிறார் என்று நான் முடிவு கட்டவும் மாட்டேன். வேறு யாரையாவதும் தேடலாம், தாத்தாவையும்கூட. இரண்டு படத்தையும் வைத்துப் பார்ப்போம். குரல் செய்திகளுக்கு யாராவது அவரை அழைக்க வேண்டும்.

குமார்: நான் பேசுகிறேன்.

வள்ளி: நீ வேண்டாம். நான்.

மணி: அண்ணன் பேசினால்தான் முறை.

ராமநாதன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

குமார்: மாமா, என்ன எழுதினீர்கள்?

ராமநாதன்: எழுத்துப் பிழை.

தேவி: தாத்தா படம் பூசை அறையில் இருக்கிறது செல்வி. எடுத்து அனுப்புகிறேன். மாலையை நகர்த்த வேண்டும்.

மீனா: அப்பா, இலை.

ராமநாதன்: 410 என்று சொல்.

மீனா: ஏன் பத்து கூட?

குமார்: மீனா, சொன்னதைச் சொல்லு.

செல்வி: பெரியப்பா, டேப்லெட் கோயிலுக்கு வருகிறதா? மின்சாரம் இல்லாத இடமென்றால் அதே படங்களை அட்டையில் ஒட்டியும் தருகிறேன்.

ராமநாதன்: அதைப் பிறகு பார்ப்போம். சார்ஜ் எத்தனை மணி நேரம் நிற்கும்?