பதில்: ‘ஃப்ரீ ஏஜென்ட்’ முகவர் அல்ல; அப்படியானால் என்ன சொல்வது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஜூலை 1 வருகிறது. ரொறன்ரோவில் அது கனடா தினம். ஐஸ் ஹொக்கி பார்க்கிற வீடுகளில் அன்று நண்பகலிலிருந்து தொலைக்காட்சி அணைவதில்லை. வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். அணிகளில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்கள் வேறு அணிகளோடு கையெழுத்திடத் தொடங்கும் நாள் அதுதான். எங்கள் சங்கச் செய்திமடலின் ஹொக்கிப் பக்கத்தை நான் எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்கப் பழகிய தாத்தா பாட்டிமார்தான் அதை அதிகம் வாசிக்கிறார்கள். ஆட்டம் அவர்களுக்கு நன்றாக விளங்குகிறது. ஜூலை மாதச் செய்திதான் விளங்குவதில்லை. குறை அவர்களுடையது அல்ல. அந்தச் செய்தியைச் சொல்ல எங்களிடம் சொல் இல்லை.

இரண்டு சொற்கள் வேண்டும். முதலாவது ‘ஃப்ரீ ஏஜென்ட்’. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ‘இலவச முகவர்’ என்று வருகிறது. வாசிக்கிறவர் காப்புறுதி விற்கிற ஆள் என்று நினைப்பார். ‘கட்டற்ற முகவர்’ என்று திருத்தினாலும் தொல்லை தீராது. ஏனென்றால் ஆட்டக்காரருக்காகப் பேரம் பேச உண்மையிலேயே ஒரு முகவர் இருக்கிறார். போன வருடம் ஒரு பத்தியில் ‘முகவரின் முகவர் சொன்னார்’ என்று எழுத வேண்டி வந்துவிட்டது. அந்த ஆங்கிலத் தொடரில் ‘ஏஜென்ட்’ என்பது தரகரைக் குறிக்கவில்லை. தானே முடிவெடுத்துச் செயற்படுகிறவர் என்பதுதான் பொருள். ‘சுயேட்சை ஆட்டக்காரர்’ என்று வைக்கலாமா?

இரண்டாவது, அந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற காசு தகுமா என்று பார்க்க ஆய்வாளர்கள் எடுக்கும் அளவு. ‘வேல்யூ அபவ் ரீப்ளேஸ்மென்ட்’ என்கிறார்கள். ‘மாற்றுவீரர் மேல்மதிப்பு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து

————

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். எங்கள் கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடிக்காத தெரு குறைவு. ஆனால் பனித்தரையில் ஆடுகிற ஹாக்கியை நான் காணொளியில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள், சொல்லைப் பற்றி நான் சொல்கிறேன்.

‘சுயேச்சை’ வேண்டாம். இங்கே அது தேர்தலோடு ஒட்டிப்போன சொல். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று தனியே நிற்கிறவர் சுயேச்சை. நீங்கள் சொல்லும் ஆட்டக்காரர் தனியே நிற்கவா ஆசைப்படுகிறார்? எந்த அணியில் சேருவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் உரிமையைத்தானே சொல்ல வேண்டும்? ‘தன்னுரிமையாளர்’ என்று வைத்துப் பாருங்கள். வீரர், வீராங்கனை என்று பிரிக்கவும் தேவையில்லை.

இரண்டாவது சொல்லில் எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். மதிப்பு என்றால் சந்தையில் என்ன விலை கிடைக்கிறதோ அதுதானே? 30 கோல் போட்டவருக்கு 30 கோலுக்கு உண்டான பணம். அதற்கு மேல் எதற்குத் தனியாக ஒரு கலைச்சொல்? மாற்றுவீரர் என்பவர் யார், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரா? இதைத் தெளிவாகச் சொன்னால் சொல் தானாகக் கிடைக்கும்.

அன்புடன்,
கோவில்பட்டியிலிருந்து

————

அன்புள்ள ஐயா,

மிக்க நன்றி. ‘தன்னுரிமையாளர்’ எனக்கு உடனே பிடித்துவிட்டது. பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஹொக்கியில் இதில் இரண்டு வகை இருக்கிறது. 27 வயது ஆனவர், அல்லது 7 பருவங்கள் ஆடி முடித்தவர், ஒப்பந்தம் முடிந்ததும் முழுக்க விடுபடுகிறார். அதற்குக் குறைந்தவருக்குப் பழைய அணி ஒரு குறைந்தபட்ச ஒப்பந்தத்தை நீட்டினால் போதும், அவர் மீதான உரிமை அணியிடமே இருக்கும். வேறு அணி அவருக்கு விலை சொல்லலாம். அதே விலையைக் கொடுத்து அவரைத் தக்கவைக்கப் பழைய அணிக்கு 7 நாள் அவகாசம் உண்டு. விட்டுவிட்டால், தொகைக்கு ஏற்ப இளையோர் தேர்வில் (அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பது) சில இடங்களை ஈடாகப் பெறும். 2024 ஓகஸ்டில் செயின்ற் லூயிஸ் அணி எட்மன்ரனின் பிலிப் ப்ரொபெர்க், டிலன் ஹொலவே இருவருக்கும் இப்படி விலை சொன்னது. எட்மன்ரன் இருவரையும் விட்டுவிட்டு, ஓர் இரண்டாம் சுற்று இடத்தையும் ஒரு மூன்றாம் சுற்று இடத்தையும் பெற்றுக்கொண்டது.

உரிமையை வைத்தே சொல் அமைத்தால் இந்த இரண்டாம் வகைக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. ‘அணியுரிமை’ என்று முதலில் நினைத்தேன், ஆனால் அது முழு அடிமைச் சாசனம் போல ஒலிக்கிறது. பழைய அணிக்கு இருப்பது முதலில் கேட்கும் உரிமை, அதாவது முன்னுரிமை. ஆகவே ‘முன்னுரிமைக்கு உட்பட்டவர்’. தன்னுரிமை, முன்னுரிமை என்று இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்களாக நிற்கின்றன.

அடுத்து உங்கள் சந்தேகம்.

> 30 கோல் போட்டவருக்கு 30 கோலுக்கு உண்டான பணம்.

ஐயா, ரொறன்ரோக்காரர் எவரிடமும் இதைச் சொன்னால் அவர் ஒரே பெயரைத்தான் சொல்வார்: டேவிட் கிளார்க்சன். இந்த ஊர்ப் பிள்ளை. நியூ ஜேர்சி அணிக்காக 2011-12 பருவத்தில் 30 கோல் போட்டார். 2013 ஜூலை 5 அன்று மேப்பிள் லீஃப்ஸ் அணி அவரை 7 வருடத்துக்கு 36.75 மில்லியன் டொலருக்கு எடுத்தது. அப்போது அவருக்கு வயது 29. முதல் பருவத்தில் 60 ஆட்டங்களில் 5 கோல், 6 கோல் உதவி. இரண்டாவது பருவம் முடியுமுன்பே, 2015 பெப்ரவரியில், கொலம்பஸ் அணிக்குத் தள்ளிவிட்டார்கள். பதிலுக்கு வாங்கிய நேதன் ஹோர்ட்டன் முதுகு உபாதையால் ஆட முடியாமல் இருந்தவர். ஆடாத ஒருவரின் ஒப்பந்தத்தைச் சுமப்பது, ஆடுகிற கிளார்க்சனின் ஒப்பந்தத்தைச் சுமப்பதைவிட நல்லது என்று ஓர் அணி முடிவு செய்தது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு மனம் கனக்கிறது. அந்த மனிதர் எவரையும் ஏமாற்றவில்லை. விலை அவர் தலையில் வைக்கப்பட்டது.

இப்போது மற்றப் பக்கம். ஜொனதன் மார்ஷெசோ. இளையோர் தேர்வில் எந்த அணியும் எடுக்காத சிறிய உருவம். 2016 ஜூலையில் தன்னுரிமையாளராக ஃபுளோரிடா அணியில் சேர்ந்தார். 2 வருடம், வருடத்துக்கு 7.5 இலட்சம் டொலர். அந்தப் பருவமே அவர் போட்ட கோல் 30! அதே 30தான் ஐயா. ஒருவருக்கு வருடம் 52.5 இலட்சம், மற்றவருக்கு 7.5 இலட்சம். அடுத்த கோடையில் புதிதாகத் தொடங்கிய வேகஸ் அணி அவரை எடுக்கும்படி ஃபுளோரிடாவே விட்டுக்கொடுத்தது. 2023இல் வேகஸ், லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்ரான்லி கிண்ணத்தை வென்றபோது இறுதிச் சுற்றுகளின் சிறந்த ஆட்டக்காரர் விருது மார்ஷெசோவுக்குத்தான் கிடைத்தது.

சந்தை சொன்ன விலையை மதிப்பு என்று எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு கதைகளையும் சொல்லவே முடியாது. ஆகவே ‘விலை’ வேறு, ‘மதிப்பு’ வேறு என்று இந்தச் சொற்பட்டியலில் கறாராக வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். விலை ஏலத்தில் முடிவாகிறது. பல அணிகள் கேட்கும் ஏலத்தில், ஒருவரை யார் மிக அதிகமாக எடைபோட்டார்களோ அவர்கள் கையில்தான் அவர் போய்ச் சேர்வார். அதாவது தவறு செய்தவரே வெல்வதற்கு வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன 27 வயது விதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். முன்கள ஆட்டக்காரர் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில்தான் உச்சத்தில் இருக்கிறார். தன்னுரிமை கைக்கு வரும் வயதும் ஆட்டம் இறங்கத் தொடங்கும் வயதும் அநேகமாக ஒன்றுதான். வாங்குகிற அணி போன வருடங்களைப் பார்த்து விலை சொல்கிறது, வரப்போகிற வருடங்களைப் பெற்றுக்கொள்கிறது.

சரி, மதிப்பை எங்கிருந்து அளப்பது? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. மாற்றுவீரர் பெஞ்சில் இருப்பவர் அல்ல. ஹொக்கியில் ஆட்டக்காரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் மாறி மாறி இறங்குவார்கள், எல்லோருமே பெஞ்சில் இருந்து வருகிறவர்கள்தான். கிரிக்கெட் பார்ப்பவருக்கோ ‘மாற்று வீரர்’ என்றால் பந்து பொறுக்க வரும் பன்னிரண்டாமவர். நாம் சொல்ல வருவது வேறு ஆள். இந்த ஆட்டக்காரர் நாளைக்கு இல்லை என்றால், கீழ்நிலை லீக்கிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டுக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு இறக்கக்கூடியவர் இருக்கிறாரே, அவர்தான் அளவின் தொடக்கப்புள்ளி. பூச்சியத்திலிருந்து அளந்தால் எல்லோரும் பெரிய ஆட்களாகத் தெரிவார்கள். சராசரியிலிருந்து அளந்தால், சராசரி ஆட்டக்காரருக்கு மதிப்பே இல்லை என்று வந்துவிடும். அதுவும் பிழை, ஏனென்றால் சராசரி ஆட்டக்காரர் இலகுவில் கிடைப்பதில்லை.

இதை விளக்கிக்கொண்டிருந்தபோது என் அம்மா சொன்னார்: “அப்ப அது பதிலாள் தானே?” அவர் பல வருடம் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருத்தி வராத நாளில் ஏஜென்சி அனுப்புகிற ஆளை அங்கே தமிழ்ப் பெண்கள் பதிலாள் என்றுதான் சொல்வார்களாம். இலங்கையில் பதில் நீதவான், பதில் அதிபர் என்று அரச கடிதங்களிலேயே எழுதுகிறோம். வயல் வேலைக்கு வர முடியாதவர் பதிலாள் அனுப்புவது உங்கள் பக்கமும் உண்டு என்று நம்புகிறேன். இரண்டு கரைக்கும் பொதுவான சொல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது!

ஆகவே என் முன்மொழிவு: ‘பதிலாள் மிகை’. பதிலாள் ஒருவர் அதே நேரம் ஆடியிருந்தால் அணிக்குக் கிடைத்திருக்கும் பயனைக் கழித்துவிட்டு, இவரால் கிடைத்த மேலதிகப் பயன். கோல் கணக்கில் சொன்னால் ‘கோல் மிகை’, வெற்றிக் கணக்கில் சொன்னால் ‘வெற்றி மிகை’. ஏறத்தாழ 6 கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்று கணக்கிடுகிறார்கள், அதனால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது எளிது. இந்தச் சொல்லின் இன்னொரு வசதி, எதிர்ப்பக்கமும் தானாகக் கிடைப்பது. பதிலாளைவிட மோசமாக ஆடினால் ‘பதிலாள் குறை’. ‘மேல்மதிப்பு’ என்று வைத்திருந்தால் ‘எதிர்மறை மேல்மதிப்பு’ என்று இழுபட வேண்டியிருக்கும்.

பதிலாளை அடிப்படையாக வைத்தால் காசுக் கணக்கும் தெளிகிறது. 2025-26 பருவத்தில் ஓர் அணியின் ஊதிய உச்சவரம்பு 95.5 மில்லியன் டொலர். குறைந்தபட்சச் சம்பளம் 7.75 இலட்சம். 23 பேரையும் பதிலாட்களாகவே எடுத்தால் ஏறத்தாழ 17.8 மில்லியன் போகும். மீதி 77.7 மில்லியன் இருக்கிறதே, அதுதான் பதிலாளுக்கு மேலே மிகை வாங்குவதற்கு ஓர் அணியிடம் உள்ள முழுக் காசு. ஒரு தன்னுரிமையாளரின் விலை இந்த 77.7இல் எவ்வளவைத் தின்கிறது, அதற்கு எத்தனை வெற்றி மிகை தருவார் என்பதுதான் கேள்வி. எங்கள் வாசகருக்கு இந்த ஒரு பத்தியைச் சொல்ல முடிந்தாலே ஜூலை 1 விளங்கிவிடும்.

அந்த மிகையை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அங்கேயும் சொற்கள் தேவைப்படும். கோல்களை மட்டும் எண்ணுவது போதாது, அதிர்ஷ்டம் அதிகம் கலந்திருக்கிறது. அதனால் அடித்த, குறி தவறிய, தடுக்கப்பட்ட எல்லா முயற்சிகளையும் எண்ணுகிறார்கள். பஃபலோ அணியின் கோல் காப்பாளர் பயிற்றுநராக இருந்த ஜிம் கோர்சியின் பெயரால் அதற்குக் ‘கோர்சி’ என்று பெயர். ஆள் பெயர், அப்படியே விடலாம். எங்கிருந்து எப்படி அடித்தார் என்று பார்த்து ஒவ்வொரு முயற்சிக்கும் கோலாகும் வாய்ப்பைக் கூட்டினால் வருவது ‘எதிர்பார்ப்புக் கோல்’. ஒருவர் எதிர்பார்ப்புக் கோலைவிட மிக அதிகமாக ஒரே ஒரு பருவம் கோல் போட்டிருந்தால், அந்தப் பருவத்துக்கு விலை கொடுக்காதே என்பது பொதுவான எச்சரிக்கை.

பிரச்சினை கோல் காப்பாளர்களில்தான். செர்ஜி பொப்ரொவ்ஸ்கி 2019 ஜூலை 1 அன்று ஃபுளோரிடாவில் 7 வருடத்துக்கு 70 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். வயது 30. முதல் பருவத்தில் வந்த 100 அடிகளில் 90ஐத்தான் தடுத்தார். அந்தப் பருவம் மற்றக் கோல் காப்பாளர்களின் சராசரி 91. இந்த ஒரு புள்ளி வித்தியாசம் சிறியதாகத் தெரியும், ஆனால் ஒரு பருவத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் வரும். படுமோசமான ஒப்பந்தம் என்று நானே செய்திமடலில் எழுதினேன். 2023 வசந்தத்தில் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே வசந்தத்தில் திரும்பி வந்து அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். பிறகு 2024, 2025 இரண்டு வருடமும் ஸ்ரான்லி கிண்ணம். அவருடைய வருடாந்த மிகையைக் கூட்டிப் பார்த்தால் விலைக்குத் தகுமோ தெரியாது, ஃபுளோரிடாவில் எவரிடமும் கேட்டால் தகும் என்பார்கள். ஆகவே வழக்கமான பருவத்தின் மிகையையும் இறுதிச் சுற்றுகளின் மிகையையும் நாம் தனித்தனியே குறிக்க வேண்டும். ‘பருவ மிகை’ எனக்குச் சரியாகப் படுகிறது. இறுதிச் சுற்றுகளுக்கு ‘கிண்ண மிகை’ என்று வைத்தால் கிண்ணம் வென்றவருக்கு மட்டும் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன். நீங்களும் குழுவினரும் சொல்லுங்கள்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க, 2006ஆம் வருடக் கதையை அடுத்த இதழுக்காக இப்படி எழுதிப் பார்த்தேன்:

“ஒட்டாவா அணியின் இரண்டு பின்கள ஆட்டக்காரர்கள் ஒரே கோடையில் தன்னுரிமையாளராகும் நிலை வந்தது. இருவரில் வேட் ரெடனை அணி தக்கவைத்தது. ஸ்டெனோ சாரா பொஸ்ரனுக்குப் போனார், 5 வருடம், 37.5 மில்லியன் டொலர். அன்று பெரிய விலையாகத் தெரிந்தது. 2009இல் சிறந்த பின்கள ஆட்டக்காரர் விருதை வென்றார், 2011இல் அணித் தலைவராக ஸ்ரான்லி கிண்ணத்தைத் தூக்கினார். விலையை விஞ்சிய மிகை. ரெடன் 2008இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸுக்கு 6 வருடம், 39 மில்லியனுக்குப் போனார். இரண்டு பருவத்துக்குப் பின் அணி அவரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் பதிலாட்களை இறக்கியது.”

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘தன்னுரிமையாளர்’ என்ற இடத்தில் மட்டும் ஒரு தடவை நிறுத்திக் கேட்டார், மற்றதெல்லாம் கேட்காமலே விளங்கியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால் தன்னுரிமையாளர், முன்னுரிமைக்கு உட்பட்டவர், பதிலாள் மிகை, எதிர்பார்ப்புக் கோல் நான்கையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். கிண்ண மிகை மட்டும் காத்திருக்கட்டும்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து