ரேடியேட்டர்களுக்கு எந்த பாய்லர்?

கேள்வி: லண்டனில் மூன்று படுக்கையறைகளும் ஒரே குளியலறையும் கொண்ட எங்கள் வீட்டின் பழைய எரிவாயு பாய்லரை மாற்றவிருக்கிறோம். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய் வெந்நீருக்கும் தொட்டியின்றி ஒன்றாகவே உதவும் 30 கிலோவாட் காம்பி பாய்லரைப் பரிந்துரைக்கிறார்கள். அவ்வளவு திறன் தேவையா?

மறுமொழி 1: அத்திறன் பெரும்பாலும் குழாய் நீரை உடனுக்குடன் சூடாக்குவதற்கானது. ரேடியேட்டர்களுக்கான தேவையை வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும். பாய்லர் எத்தனை கிலோவாட் வரை தணிந்து எரியும் என்பதையும் கேளுங்கள். அந்தக் கீழ்வரம்பு அதிகமாக இருந்தால், குளிர் மிதமான நாட்களில் அது அடிக்கடி அணைந்து எரிந்து எரிவாயுவை வீணாக்கும்.

மறுமொழி 2: ரேடியேட்டர்களிலிருந்து பாய்லருக்குத் திரும்பி வரும் நீர் ஏறத்தாழ 55 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் தரும் என்பதால், ரேடியேட்டர்களுக்குச் செல்லும் நீரின் வெப்பநிலையைக் குறைத்து வையுங்கள். பலர் அந்த அமைப்பைத் தொடுவதே இல்லை.

மறுமொழி 3: இரண்டாவது குளியலறை கட்டும் எண்ணமிருந்தால், வெந்நீர்த் தொட்டியுடன் கூடிய பாய்லரே ஏற்றது.