இறப்பர் பூட்ஸ் ஏன் இப்போது ஒரு மாரிக்கு மேல் உழைப்பதில்லை?

நீர்வேலித் தோட்டக்காரன்:
வணக்கம். நான் நீர்வேலியில் வாழையும் சின்ன வெங்காயமும் செய்கிறேன். என் தகப்பனார் போட்ட முழங்கால் பூட்ஸ் ஏழெட்டு மாரி உழைத்தது. நானோ இரண்டு வருடத்துக்குள் மூன்றாவது சோடியையும் வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் கணுக்காலுக்கு மேலே, குந்தி எழும்பும்போது மடிகிற அதே இடத்தில், முதலில் தலைமயிர்க் கோடுகளாகத் தொடங்கிப் பின்னர் நகம் நுழையும் அளவுக்குப் பிளக்கிறது. யாழ்ப்பாணத்தில் 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்த பிறகு, வெடித்த பூட்ஸுடன் வெள்ளம் நிற்கும் பாத்திக்குள் இறங்க மனம் வரவில்லை. சாமானின் தரம் குறைந்துவிட்டதா, நான் பேணும் முறை பிழையா?

இறப்பர் வேலை தெரிந்தவன்:
பெரும்பாலும் சாமான்தான் மாறிவிட்டது, ஐயா. இறப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறைக்கு சார்ள்ஸ் குட்இயர் 1844 இல் ஆக்கவுரிமை பெற்றார். அந்த வழியில் வந்த பழைய பூட்ஸ்கள், துணி உள்ளீட்டின் மேல் இறப்பர்த் தாள்களைக் கையால் ஒட்டி அடுக்கி அவித்தவை. இன்று மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பீவீசி என்ற பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தி எடுத்தவை. அதற்கு இளக்கம் கொடுக்கும் எண்ணெய்த்தன்மையான பொருள் நாளாக நாளாக வெளியேற, பூட்ஸ் விறைத்து, மடிப்பில் பிளக்கிறது. முன்னாலும் பின்னாலும் நேர்கோடாக அச்சுத் தழும்பு ஓடாததாகவும், உள்ளே துணி உள்ளதாகவும் பார்த்தே வாங்குங்கள். நல்ல இறப்பருக்கும் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ஆகாது. மடித்தபடி வைத்தால் அந்த மடிப்பிலேயே வெடிக்கும். நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது சிந்தினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஏனெனில் எண்ணெய் பட்ட இறப்பர் ஊதித் தளர்ந்துவிடும்.

கரவெட்டிக்காரி:
என் கணவர் வயல் செய்பவர் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், அண்ணா. எலிச் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலிலுள்ள சிறு காயத்தாலும் ஊறி மெலிந்த தோலாலும் உடலுக்குள் போகும். வெடித்த பூட்ஸ் அந்த நீரை உள்ளேயே தேக்கி, நாள் முழுக்கக் காலை ஊற வைக்கிறது. சைக்கிள் ரியூப் துண்டை ஒட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். மடிகிற இடத்தில் ஒட்டு நிற்காது, அதுவும் பீவீசியில் பிடிக்கவே பிடிக்காது. வயலுக்குள் இறங்குபவர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கும் மாத்திரையைப் பற்றிப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பூட்ஸ் நல்லதாக இருந்தாலும் கேட்க வேண்டியதுதான்.

நீர்வேலித் தோட்டக்காரன்:
இருவருக்கும் நன்றி. மூன்று சோடியையும் எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் குதிக்கால் முதல் விளிம்பு வரை அச்சுக்கோடு ஓடுகிறது, உள்ளே துணியும் இல்லை. இவற்றைக் கழுவிக் கிணற்றுக்கட்டில் உச்சி வெயிலில்தான் காய வைத்தும் வந்திருக்கிறேன். இன்றிலிருந்து மாட்டுக்கொட்டில் நிழலில், தடியில் தலைகீழாகக் கொழுவ ஏற்பாடு செய்துவிட்டேன். துணி உள்ளீடு உள்ள இறப்பர் பூட்ஸ் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் எங்கேனும் கிடைக்கிறதா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விலை இரட்டிப்பானாலும் இந்த மாரிக்கு முன் வாங்கிவிட வேண்டும்.