மூன்றாவது கப்ளரும் போச்சு: கோளாறு மிக்ஸியிலா, ஜாரிலா?

சேலத்துக்காரன்:
ஆறு மாதத்தில் மூன்றாவது முறை மிக்ஸி கப்ளர் (மோட்டாரின் சுழற்சியை ஜாருக்குக் கடத்தும் பல் வைத்த பாகம்) உடைந்திருக்கிறது. 750 வாட் மிக்ஸி, வாங்கி நான்கு வருடம். நேற்றுத் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது கடகடவென்று சத்தம், கருகிய வாடை. மோட்டார் சுற்றுகிறது, பிளேடு அசையவில்லை. ஜாரைத் தூக்கினால் கப்ளரின் பல் எல்லாம் ஒரே பக்கமாக மழுங்கிக் கிடக்கிறது, சுற்றிலும் கறுப்புத் தூள்.

கடைக்காரர் "டூப்ளிகேட் கப்ளர் சார், அதான்" என்றார். போன தடவை போட்டது ஒரிஜினல். அதுவும் இரண்டே மாதம்தான். அம்மாவோ "ஜாரை ரொம்ப ரொப்புறாங்க" என்று என் மனைவியைப் பார்க்கிறார். வீட்டில் சட்னி அரைப்பது நான்!

பழைய மோட்டார்:
சார், பதினைந்து வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். கப்ளரைக் குறை சொல்லாதீங்க, அது உடைவதற்கென்றே வைத்த பாகம். ஜார் இறுகினால் பல் போகும், மோட்டார் தப்பிக்கும். மோட்டாரின் கம்பிச்சுருளை (காயில்) மறுபடி கட்டுகிற செலவுக்குக் கப்ளர் எவ்வளவோ மேல்.

எல்லா ஜாரையும் காலியாகக் கவிழ்த்து வைத்து, அடியில் இருக்கிற பல்லை விரலால் சுண்டுங்க. லேசாகச் சுற்ற வேண்டும். எது முரண்டு பிடிக்கிறதோ அதுதான் ஆள். பல் ஒரு பக்கமாக மழுங்கினது என்றால் இழுவை அதிகம் என்று அர்த்தம்.

மாடித்தோட்டம்:
தம்பி, மூணு தடவையும் ஒரே ஜாரா? அரைத்த ஜாரில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க சிங்க்கில் போட்டு வைப்பீங்களா? எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு ஜார் போனது.

சேலத்துக்காரன்:
அக்கா, கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். பெரிய ஜாரும் நடு ஜாரும் சுண்டினால் சுற்றுகின்றன. சட்னி ஜார் விரலுக்கு அசையவே இல்லை, குறடு வைத்துத்தான் திருப்பினேன். பிளேடு தண்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு பசை, துடைத்தால் உள்ளே துரு. யோசித்துப் பார்த்தால் முதலில் பருப்புப் பொடி, அப்புறம் இஞ்சி பூண்டு, நேற்று சட்னி. மூன்றும் அதே ஜார். ஊற வைக்கிற பழக்கமும் என்னுடையதுதான். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

எண்ணெய் விட்டால் சரியாகுமா?

பழைய மோட்டார்:
விடாதீங்க, சாப்பாட்டில் இறங்கும். அடியில் வாஷர் தேய்ந்து, புளியும் உப்புமாகத் தண்ணீர் புஷ்ஷுக்குள், அதாவது பிளேடு தண்டு சுற்றுகிற உறைக்குள், போயிருக்கு. உள்ளே துரு ஏறினால் தண்டு இறுகிவிடும். புஷ், வாஷர், பிளேடு தண்டு மூன்றையும் சேர்த்து மாற்றுங்க. ஜார் அடியில் இருக்கிற பல்லையும் பாருங்க. அது மழுங்கியிருந்தால் புதுக் கப்ளரையும் தின்றுவிடும்.

சேலத்துக்காரன்:
இன்று மாற்றியாச்சு. கவிழ்த்து வைத்துச் சுண்டினேன், ஆறேழு சுற்று சுற்றி நின்றது. அடிப் பல்லில் ஒன்று பாதி உடைந்திருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். இப்போது ஜார் கழுவியதும் வெயிலில் கவிழ்ந்து கிடக்கிறது. யார் எடுத்து வைத்தது என்று அம்மா கேட்கிறார்.