சைகை மொழியை பேப்பர்ல எழுதுறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அக்கா பொண்ணுக்கு காது கேக்காது, வீட்டுல எல்லாரும் சைகைலதான் பேசுவோம், அவ கத்துக்கிட்டு வர்ற சைகையெல்லாம் நோட்டுல எழுதி வைக்கலாமேன்னு தேடினப்போ சைன்ரைட்டிங் சிக்குச்சு. 1974ல வேலரி சட்டன்ங்கிறவங்க உருவாக்கினது, அதுக்கு முன்னாடி டான்ஸ் அசைவை எழுத ஒரு முறை வச்சிருந்தாங்களாம்.

மூடின கைக்கு சதுரம், விரல் நீட்டினா அதுலேருந்து ஒரு கோடு. உள்ளங்கை நம்மள பாத்தா வெள்ளை, புறங்கை பாத்தா கருப்பு, பக்கவாட்டுல இருந்தா பாதிப்பாதி. புருவம் தூக்குறதைக்கூட வரையலாம், செம!

மாட்டிக்கிட்டது அம்புக்குறிலதாங்க. ரெட்டைக் கோடுன்னா மேல கீழ, ஒத்தைக் கோடுன்னா முன்ன பின்ன, சரி, ஆனா மேலயும் போயி முன்னாடியும் சாயுற அசைவை எப்படி போடுறது? அப்புறம் இந்தக் குறியையெல்லாம் 2015லயே யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர், போன்ல இருக்கிற பொதுப் பட்டியல்) சேத்துட்டாங்க, ஆனா என் போன்ல வெறும் கட்டம் கட்டமாத்தான் வருது, கம்ப்யூட்டர்ல ஃபான்ட் போட்டாலும் குறியெல்லாம் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குது, கை முகத்துக்கிட்ட வரவே மாட்டேங்குது.

இந்திய சைகை மொழிக்கு இதை யூஸ் பண்ற ஸ்பெஷல் டீச்சருங்க யாராச்சும் கையால எழுதின ஒரு பக்கம் போட்டோ போடுங்களேன். வீடியோ எடுத்து வைன்னு மட்டும் சொல்லாதீங்க, அது நிறைய இருக்கு, பாப்பாவுக்கு பென்சில்தான் வேணுமாம்.